அது கீறல் இல்லை, கயிறு!

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பட அஞ்சலட்டை ஒன்று கிடைத்தது. கால்வாயில் விறகு ஏற்றிய படகு, கரையில் பனைமரங்கள், தூரத்தில் ஒரு புகைபோக்கி. ஓரம் கிழிந்துபோய், அச்சிட்ட பெயரில் ‘கனால்’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. நடுவில் நீளமாக ஒரு கீறல் வேறு. எங்கள் பக்கத்து நிலையூர் கால்வாயாக இருக்குமோ?

– வாசகர் ஒருவர், திருநகர், மதுரை.

பதில்: நீங்கள் அனுப்பிய நகலை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அது கீறல் இல்லை. படகின் பாய்மரத்தில் தொடங்கிக் கரைக்கு இறங்குகிறது. அது முடிகிற இடத்தில், பனை நிழலோடு நிழலாக, முன்னால் சாய்ந்து நடக்கும் இரண்டு பேர். தோளில் கயிறு போட்டுப் படகை இழுத்துப் போகிறார்கள். இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் அந்தக் கயிறுதான்.

நிலையூர் கால்வாய் பாசனத்துக்கானது. வைகையில் தண்ணீர் விட்டால் ஓடும், கண்மாயை நிரப்பும், பிறகு காய்ந்து கிடக்கும். அதில் சரக்குப் படகுக்கு வழியில்லை. ஆலப்புழைப் பக்கம் என்றால் தென்னை நெருங்கி நிற்கும், வள்ளத்தின்மேல் வளைந்த ஓலைக்கூரை இருக்கும். கோதாவரி, கிருஷ்ணா டெல்டாவிலும் படகுக் கால்வாய்கள் உண்டு. அங்கே கரையைத் தாண்டினால் வயல். உங்கள் படத்தில் மணலும் பனையும். அப்படியானால் வங்கக் கரையோரமாகப் போகும் பக்கிங்காம் கால்வாய்தான்.

அதில் எந்த இடம்? 1806இல் பேசில் கோக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் பணத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதுதான் தொடக்கம். பிற்பாடு வடக்கே ஆந்திரம் வரைக்கும் தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டு சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. ஆனால் நகருக்குள், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே, சுமார் 8 கிலோமீட்டர் விடுபட்டே கிடந்தது. அதை வெட்டியவர்கள் 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்து நின்ற ஜனங்கள். எலும்பும் தோலுமாக வந்து மண் சுமந்தவர்கள் அவர்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது. இந்தக் கால்வாயைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

உங்கள் படம் அந்த நடுப்பகுதி இல்லை. அங்கே திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வீடுகள் தெரிந்திருக்கும். புகைபோக்கி வடசென்னையின் ஆலைப் பக்கத்தைக் காட்டுகிறது. விறகும் அதற்கு ஒத்துப்போகிறது. இன்று ராக்கெட் ஏவுகிற ஸ்ரீஹரிக்கோட்டை, ஒரு காலத்தில் சென்னை அடுப்புகளுக்கு விறகு அனுப்பிய காடு. அந்த விறகு இந்தக் கால்வாய் வழியாகத்தான் வந்தது. உப்பும் அப்படியே வந்தது. பேசின் பிரிட்ஜ் அருகே ரயில்வே யார்டுக்கு இருக்கும் ‘சால்ட் கொட்டார்ஸ்’ என்ற பெயரில், கிடங்கைக் குறிக்கும் நம் ‘கொட்டாரம்’ ஒளிந்திருக்கிறது. பேசின் பிரிட்ஜுக்குச் சற்று வடக்கே, தண்டையார்பேட்டைப் பக்கம் எடுத்த படம் என்பது என் கணிப்பு.

ஆண்டு தெரிய வேண்டுமானால் அட்டையின் பின்பக்கத்தையும் அனுப்புங்கள். தபால்தலையில் தாடி வைத்த எட்வர்ட் மன்னரின் வழுக்கைத் தலை இருந்தால் 1902க்கும் 1911க்கும் இடைப்பட்ட வெளியீடு; கிரீடம் சூடிய ஐந்தாம் ஜார்ஜ் என்றால் அதற்குப் பிந்தியது. தபால்தலையை உரித்து எடுக்க மட்டும் முயல வேண்டாம். தேதி முத்திரையில் பாதி அதன்மேல்தான் விழுந்திருக்கும்.