ஒருமுறை சமைத்துப் பலமுறை உண்ணுதல்: மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் இல்லங்களுக்கு

கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி ஆகியன ஒரே வாரத்தில் எல்லாக் காணிகளிலிருந்தும் நுவரெலியாப் பொருளாதார மத்திய நிலையத்தில் வந்து குவியுமாயின், ஏற்றுக்கூலிக்கும் விலை கட்டாது என்பதைச் செய்கையாளர் நன்கறிவர். முறிந்தனவும் சிறுத்தனவும் கழிக்கப்பட்டு வரப்பிலே கிடக்கும். இரண்டு மாதம் சென்றபின் அதே வீட்டார் அதே மரக்கறியைக் கடையிற் காசு கொடுத்து வாங்குவர். 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. அஃதாவது முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுக்க நேர்ந்தது. அவ்வாண்டிலும் வரப்பில் அழுகிய கரட்டை யான் கண்டதுண்டு.

கழித்த மரக்கறியை ஒரு நாளிற் பெருமளவிற் சமைத்து, ஒரு பகுதியை உறையவைத்துக் கொள்வதே இத்துண்டுப்பிரசுரம் கூறும் வழியாகும். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்குச் செல்லும் பெண்களுக்கு இதனால் நேரமும் மிஞ்சும். விறகும் எரிவாயுவும் மிஞ்சும். அழுகிய பாகத்தை வெட்டி நீக்கினாற் போதும். முறிந்த கரட்டின் சுவை குறைவதில்லை. ஆனால் மருந்து தெளித்த பாத்தியாயின், போத்தலின் சுட்டுத்துண்டிற் குறித்த நாட்கள் கழியுமுன் பிடுங்குதல் ஆகாது. விற்பனைக்குரிய பாத்திக்கு அவ்விதியைக் கடைப்பிடிப்போர் வீட்டுக்குரியதில் அதனை மறந்துவிடுகின்றனர்.

ஐவர் உள்ள குடும்பத்துக்கு நான்கு வேளைக்குரிய அளவு இது: மைசூர்ப் பருப்பு 1 கிலோ, துண்டாக்கிய கரட் 1 கிலோ, லீக்ஸ் அல்லது கோவா அரைக் கிலோ, நீர் 3 லீற்றர் வரை, வெங்காயமும் மிளகாயும் மஞ்சளும் வேண்டிய அளவு. பருப்பு அரைவேக்காடானதும் கரட்டையும், இறக்குவதற்குச் சிறிது முன் லீக்ஸையும் இடுக. தேங்காய்ப்பால் விடற்க, அது உறைந்து உருகும்போது திரிந்து பிரியும். பாலும் தாளிதமும் உண்ணும் நாளிற் சேர்க்கத்தக்கன. உருளைக்கிழங்கும் இதற்கு உதவாது. உறைந்தபின் அது மணல்போல நறநறக்கும்.

மலைநாட்டுக்குரிய ஒரு விடயத்தை இங்கே கூறுதல் வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ஹற்றனில் 96 பாகையளவிற் கொதிக்கும். கொதித்துக்கொண்டிருந்தும் கடலையும் கௌபியும் வேகாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே; விறகின் குற்றமன்று. அவற்றை முதல்நாள் இரவே ஊறவைத்து, அழுத்தச் சமையற்கலம் இருப்பின் அதில் வேகவைப்பது நன்று.

சமைத்தலிலும் ஆறவைத்தலே கடினமான பகுதி. "இங்கேதான் குளிராயிருக்கிறதே, பானை காலைவரை அடுப்படியிற் கிடக்கட்டும்" என்று கூறாத வீடு மிகச் சிலவே. இஃது ஆபத்தான எண்ணம். வெளியே குளிர் இருப்பினும், ஐந்து கிலோ எடையுள்ள பருப்புப் பானையின் நடுப்பாகம் பல மணிநேரம் இளஞ்சூடாகவே இருக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டிற் பற்றீரியங்கள் பெருகும். சோற்றில் வாழும் ஒருவகைப் பற்றீரியத்தின் நஞ்சோ மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. உறையவைத்தலும் கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கின்றது, அவ்வளவே. ஆகவே இறக்கியவுடன் உணவை இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாமல் அகன்ற தட்டங்களில் ஊற்றி, அவற்றைப் பீலித் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் வைத்துக் கிளறுக. மலைநீரின் குளிர்ச்சி இவ்வேலைக்கு மிகவும் உதவும். இரண்டு மணிநேரத்துக்குள் உணவு குளிர்ப்பெட்டிக்குட் சென்றுவிடல் வேண்டும்.

ஐந்து கிலோவையும் ஒரே இரவில் உறையவைக்க முயலற்க. 28 லீற்றர் கொள்ளளவுள்ள உறைபகுதி ஒரு நாளில் ஒன்றேகால் கிலோவை மட்டுமே நன்கு உறையவைக்கும். மிகுதியாகத் திணித்தால் முன்னர் உறைந்தவையும் இளகும். அன்றிரவு ஒரு பங்கை உண்க. மறுநாளைக்குரிய பங்கைக் கீழ்த்தட்டில் வைக்க. மூன்றாம் பங்கை உடனே உறையவைக்க. நான்காவதை மறுநாள் உறையவைக்கலாம். கழுவிய ஐஸ்கிறீம் பெட்டிகள் இதற்குப் போதும். உறையும்போது உணவு விரியுமாதலின் மேலே ஓரங்குலம் இடம் விட்டு மூடி, திகதியை எழுதி ஒட்டுக. கோதுமை மா ரொட்டியையும் அரைப்பதமாகச் சுட்டு, ஆறவைத்து, இடையிடையே தாள் வைத்து அடுக்கலாம். விடியற்காலையில் அப்படியே தட்டில் இட்டுச் சுட்டெடுக்கலாம்.

சமைக்க அவகாசம் இல்லையாயின், மரக்கறியை மாத்திரம் கொதிநீரில் இட்டெடுத்து உறையவைக்கலாம். அரைக் கிலோவுக்கு 4 லீற்றர் கொதிநீர் வேண்டும். வட்டமாக அரிந்த கரட்டுக்கு 2 நிமிடம், போஞ்சிக்கு 3 நிமிடம், அரிந்த கோவாவுக்கு ஒன்றரை நிமிடம். 1,500 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கூட்டுக. பின்பு குளிர்நீரில் இட்டு வடித்துப் பொதி செய்க. பச்சையாகவே உறையவைத்த போஞ்சி, நாட்செல்ல நிறமும் மணமும் கெட்டு வைக்கோல் போலாகிவிடும்.

எவ்வளவு காலம் வைக்கலாம் என்பதைப் பெட்டியின் உறைபகுதியில் உள்ள நட்சத்திரக் குறி காட்டும். ஒரு நட்சத்திரம் 6 பாகை உறைகுளிரையும், இரண்டு 12 பாகையையும், மூன்று 18 பாகையையும் குறிக்கும். ஒரு நட்சத்திரமாயின் ஒரு வாரத்துக்குள்ளும், இரண்டாயின் ஒரு மாதத்துக்குள்ளும், மூன்றாயின் மூன்று மாதத்துக்குள்ளும் உண்ணுதல் வேண்டும். ஒருமுறை முழுதும் இளகிய கறியைத் திரும்ப உறையவைத்தல் கூடாது. உண்ணுமுன் நடுப்பாகமும் கொதிக்கும்வரை சூடாக்குக. நுவரெலியாவின் 94 பாகைக் கொதியும் இதற்குத் தாராளமாகப் போதும்.

மின்சாரம் நின்றுவிட்டால் என் செய்வது என்று பலரும் வினவுவர். 2022 மார்ச்சு இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அப்பொழுது எமது இல்லத்திற் பயன்பட்டது, சந்தேகம் கொண்டு அடிக்கடி கதவைத் திறந்து பாராமை ஒன்றே. தனிக் கதவுள்ள உறைபெட்டி நிறைந்திருப்பின் மூடியபடியே 48 மணிநேரமும், பாதி நிறைந்திருப்பின் 24 மணிநேரமும் குளிர் காக்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறிய உறைபகுதி அத்துணை நேரம் தாங்காது. வெற்றிடத்தை முக்கால் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்களால் அடைத்து வைப்பது நன்று. யாவரும் வெளியே சென்ற வேளையில் மின்சாரம் நின்று திரும்பியதா என அறிய, ஒரு கோப்பையில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுக. நாணயம் மேலேயே இருப்பின் உணவு இளகவில்லை. கோப்பையின் அடியிற் கிடக்குமாயின் நீர் முற்றாக உருகி மீண்டும் உறைந்துள்ளது எனக் கொண்டு, அக்கறிகளைக் கூட்டெருக் குழியிற் கொட்டிவிடுக.