பிறர் நிரலைத் துணைக்கொள்ளும் முறை

விதைநெல்லைக் கடனாகப் பெறும் கிரான் உழவர், அஃது எவ்வினம், எப்போகத்தில் விளைந்தது என்று கேளாது பெறார். கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இவ்விதி பொருந்தும். ஒருவரே முற்றும் எழுதிய மென்பொருள் இன்று அரிது. பிறர் எழுதிவைத்த நிரற்றொகுதிகளைத் துணைக்கொண்டே பலவும் இயங்குகின்றன. இத்தொகுதிகளை நூலகம் என்பர். அவற்றைக் கையாளும் முறையை ஈண்டு மாணவர்க்கு எடுத்துரைப்போம்.

நம் நாட்டுச் சான்றொன்று காண்போம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மட்டக்களப்புக் கரையையும் அழித்தது. காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கென இலங்கையர் 'சஹானா' என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அப்பெயர் நிவாரணம் எனப் பொருள்படும். 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின் போதும் அது பயன்பட்டது. பின்னர் எழுந்த 'சஹானா ஈடன்', 'வெப்2பை' என்னும் சட்டகத்தின்மேல் அமைந்தது. அதற்கு வேண்டிய நூலகங்களை இன்றியமையாதன, விருப்பிற்குரியன என இரு பட்டியல்களாக வகுத்தனர். பிடிஎப் அறிக்கை ஆக்கும் நூலகம் இல்லையெனின் அவ்வறிக்கை மட்டுமே தடைப்படும், பதிவேடு நில்லாது. பிள்ளையைத் தேடி முகாமில் நிற்கும் தாய்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

கடைப்பிடிக்க வேண்டியன மூன்று.

முதலாவது, பதிப்பெண்ணைக் குறித்துவைத்தல். 2.4.1 என்பதில் முதலெண் மாறின், பழைய நிரல் அதனோடு இயையாது போகலாம். நடுவெண் புதியன சேர்ந்தமையையும், இறுதியெண் பிழை திருத்தப்பட்டமையையும் காட்டுவது வழக்கு.

இரண்டாவது, படியொன்றை நம்மிடமே வைத்திருத்தல். 2016 மார்ச்சு மாதம் 11 வரிகளே கொண்ட 'லெப்ட்-பாட்' என்னும் தொகுதியை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்தினின்றும் நீக்கினார். அதனை நம்பியிருந்த மிகப் பல மென்பொருள்களின் ஆக்கம் உடனே தடைப்பட்டது. பேரிடர்க் காலத்தில் இணையமே அற்றுப்போகவுங்கூடும் என்பதை மறவற்க.

மூன்றாவது, ஆராய்ந்து புதுப்பித்தல். 2021 டிசெம்பரில் 'லொக்4ஜே' என்னும் நூலகத்திற் பெருங்குறை வெளிப்பட்டது. ஒரு நூலகம் வேறொன்றைச் சார்ந்திருத்தலின், தம் மென்பொருளில் அஃது உள்ளதென்பதையே பலர் அறிந்திலர். 2024இலோ 'எக்ஸ்ஸெட்' தொகுதியின் புதிய பதிப்புகளிலேயே வஞ்சநிரல் புகுத்தப்பட்டிருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பழையதிற் கிடத்தலும் தீது. ஆராயாது புதியதை ஏற்றலும் தீது.

இறுதியாக ஒன்று. பெற்ற நூலகத்திற் பிழை காணின், திருத்தி அதன் ஆசிரியருக்கு அனுப்புக. விதைநெற் கடனை விளைந்தபின் திருப்பிக் கொடுப்பதே உழவர் அறம். திறந்த மூல மென்பொருள் நிலைபெறுவதும் அவ்வறத்தினாலேயாம்.