பதினோராம் பக்கம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீர் அனுப்பிய முகாம் கைநூல் கிடைத்தது. முன்னட்டையில் இருந்து பின்னட்டை வரை வாசித்தேன். பதினோராம் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தப் பக்கத்துக்காகத்தான் இந்தக் கடிதம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று மூன்று மாவட்டத்திலும் இளம் பிள்ளைகள் இப்போது ஆட்களைக் காட்டுக்குள் இரவு தங்கக் கூட்டிப்போகிறார்கள். உமது கைநூலைப் பார்த்துத்தான் இனி அவர்களும் நடப்பார்கள். ஆகையால் எல்லோரும் வாசிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

அடுப்புத் தணலை அணைப்பது, பாம்புக்கடி, குளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது, வனத் திணைக்களத்தில் அனுமதி எடுப்பது எல்லாம் உமக்கு நன்றாகத் தெரியும். ஜெனரேற்றர் புகை கூடாரத்துக்குள் போனால் உயிர் போகும் என்பதையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர். அவற்றைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் இல்லை.

பதினோராம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்: "ஜெனரேற்றரை முகாமின் ஓரத்தில் வைக்கவும். சத்தம் குறைந்த வகையாக இருந்தால் இரவு முழுவதும் ஓடவிடலாம். வெளிச்சமும் சத்தமும் யானையை அண்டவிடா." மூன்று வசனம். மூன்றும் எனக்குக் கோபத்தை மூட்டின. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 'ஓரம்'. உமது முகாமின் ஓரம் அடுத்தவர் கூடாரத்தின் தலைமாடு. இதை மடு மாதா கோயிலில் ஆவணித் திருவிழாவுக்குத் தங்கின எவரும் சொல்லுவார்கள். மடு மன்னார் மாவட்டக் கணக்கில் இருந்தாலும் வன்னிக் காட்டின் மடியில்தான் இருக்கிறது. எங்கள் பகுதியில் சனம் ஆயிரக்கணக்கில் காட்டு மரங்களின் கீழ் கூடாரம் அடித்துத் தங்குவது அங்கேதான். ஆடி 2ஆம் திகதித் திருவிழாவுக்கும் ஆவணி 15ஆம் திகதித் திருவிழாவுக்கும் முன்பு மாட்டுவண்டியில் வந்தார்கள். பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் வந்தார்கள். இப்போது வான்களிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள். யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் நீர்கொழும்பாரும் ஒரே மரநிழலைப் பங்கிடுகிறார்கள். என்னைப்போல நெற்றியில் திருநீறு பூசுகிறவர்களும் மாதாவிடம் போகிறோம். அந்த இடத்தில் தறப்பாளுக்கும் தறப்பாளுக்கும் இடையில் ஒரு ஆள் சரிந்து போகலாம், அவ்வளவுதான் இடைவெளி. அங்கே ஓரம் ஏது?

சில வருசத்துக்கு முந்திய ஒரு ஆவணியில், வெஸ்பர் முடிந்து சனம் படுத்த பிறகும், எங்களுக்கு இரண்டு கூடாரம் தள்ளி ஒரு சின்ன ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் கிளிநொச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் பேரப்பிள்ளையோடு வந்திருந்தார். சாமம் கடந்தும் அவர் படுக்கவில்லை. காலில் செருப்புப் போட்டபடி, பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மேலே எறிந்தபடி இருந்தார். "உது எப்ப நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. 2008, 2009 போர்க்காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தலைக்கு மேலே விடாமல் இரைந்துகொண்டு நின்ற ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் 'வண்டு' என்றோம். வண்டு இரைந்தால் பின்னால் ஷெல் வரும், கிபிர்க் குண்டுவிமானம் வரும். தூரத்தில் ஓடும் ஒரு சின்னப் பெற்றோல் எஞ்சினின் சத்தமும் அந்த இரைச்சலும் ஏறத்தாழ ஒன்றுதான். நான் எழும்பிப் போய் அந்தப் பொடியன்களிடம் சொன்னேன். நல்ல பொடியன்கள், உடனே நிற்பாட்டினார்கள். அவர்கள் அதை ஓட்டியது நாலு போன் சார்ஜ் ஏற்ற.

நாலு போனுக்கு ஏன் அவ்வளவு சத்தம் என்பதை உமது கைநூல் சொல்லியிருக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் திறந்த சட்டத்து ஜெனரேற்றர் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் தரவேண்டுமானால் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றியே ஆகவேண்டும். ஒரு போனைக் கொழுவினாலும் அதே வேகம், ஒரு பெரிய மோட்டரைக் கொழுவினாலும் அதே வேகம். இன்வேர்ட்டர் வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாரம் குறைந்தால் எஞ்சின் மெதுவாகும், சத்தமும் தணியும். நீர் சொல்லும் 'சத்தம் குறைந்த வகை' அதுதான். பெயரைச் சொல்லி, காரணத்தையும் சொல்லியிருந்தால் வாசிக்கிறவன் கடையில் ஏமாறமாட்டான்.

ஆனால் சத்தம் குறைந்தது என்றால் சத்தம் இல்லாதது அல்ல. 7 மீற்றரில் 58 டெசிபெல் என்று நீரே எழுதியிருக்கிறீர். வெளியான இடத்தில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 14 மீற்றரில் 52, 28 மீற்றரில் 46, 56 மீற்றரில் 40. இப்போது சட்டத்தைப் பாரும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் வந்த இரைச்சல் ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபை எல்லைக்குள் இரவில் 45 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது. புனித இடங்களையும் அவற்றைச் சுற்றி 100 மீற்றரையும் அமைதி வலயம் என்கிறது அந்த விதி. அங்கே பகலில்கூட 50 தான். இரவு என்று சட்டம் சொல்வது பின்னேரம் 6 மணியிலிருந்து காலை 6 மணிவரை. ஆக உமது நல்ல ஜெனரேற்றர்கூட அடுத்த கூடாரத்திலிருந்து 30 மீற்றருக்கு மேல் தள்ளி நிற்கவேண்டும். உமது கூடாரத்திலிருந்து அல்ல, அடுத்தவருடைய கூடாரத்திலிருந்து. பதினோராம் பக்கத்தில் இருக்கவேண்டிய அளவு அது.

இன்னொன்று. 'பின்னேரம் மூன்று மணிக்குச் சோதித்தோம், குளத்தின் மறுகரையில் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர். பிள்ளை, பகலில் சோதித்தால் கேட்காதுதான். வெயிலில் நிலம் சுட்டு, நிலத்தோடு ஒட்டிய காற்றுச் சூடாகி, ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் நிலம் குளிர்ந்து கீழ்க்காற்றுக் குளிர, ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் ஓடும். குளத்துத் தண்ணீருக்கு மேலாக அது இன்னும் சுகமாக ஓடும். இரணைமடுக் கட்டில் இரவில் நின்றவருக்கு இது தெரியும்: தண்ணீருக்கு மேலால் தூரத்தில் இரண்டு பேர் கதைப்பதும் கட்டில் கேட்கும். சோதனையை இரவு பத்து மணிக்குச் செய்யும். நீர் அக்கரையில் நில்லும், வேறொருவர் எஞ்சினை இழுக்கட்டும்.

இனி அந்த மூன்றாம் வசனம். இதில்தான் எனக்குப் பொறுமை போனது.

யானை சத்தத்துக்குப் பயந்து வராது என்பதை வன்னியில் எந்த வயல்காரனும் ஒப்புக்கொள்ளமாட்டான். வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானைவெடிக்கே பழகிப்போன யானைகள் எங்கள் பக்கம் உலாவுகின்றன. ஒரே சீராக ஓடும் எஞ்சின் அவற்றுக்கு என்ன பொருட்டு? இரண்டாம் இரவே அதைத் தாண்டி உமது அரிசிமூட்டையைத் தேடிவரும். ஜெனரேற்றர் அடைப்பது யானையின் காதை அல்ல, உமது காதை.

காட்டில் இரவில் மனிசனுக்குக் காவல் காதுதான். இதை நான் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன், உமக்கும் சொல்கிறேன். ரோச் வெளிச்சம் பத்தைவரை போகும், அதற்கப்பால் போகாது. யானையின் காலடிக்குச் சத்தம் இல்லை. கொப்பு முறிகிற சத்தம், காதை விசிறுகிற சத்தம், வயிற்றுக்குள் உருளுகிற சத்தம், இவைதான் அது வருவதற்கான அறிவித்தல். அவற்றுக்கும் முந்தி ஆட்காட்டிக் குருவி கத்தும். குளக்கரையில் ஆட்காட்டி ஒரு இடத்தில் கத்தி, பறந்து, அடுத்த இடத்தில் கத்தினால், ஏதோ ஒன்று நடந்து வருகிறது என்று அர்த்தம். எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகமாக என்பதையும் அதை வைத்தே சொல்லலாம். என் அப்பா வயல் காவல்கொட்டிலில் எனக்கு முதலில் பழக்கியது இதைத்தான். விளக்கைத் தணித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கேட்கிற ஒவ்வொன்றையும் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று சொல்லச் சொல்லுவார். பிழையாகச் சொன்னால் திருத்துவார். மான் அபயக்குரல் கொடுப்பதையும் சும்மா கூப்பிடுவதையும் பிரித்தறிய எனக்கு ஒரு முழுப் போகம் பிடித்தது.

எங்களுக்குக் கேட்பவை இவ்வளவு. கேளாதவையும் உண்டு. 1984 இல் அமெரிக்காவின் போட்லண்ட் விலங்குக் காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேற்றி பெயின் என்ற ஆய்வாளர், காதுக்கு எட்டாத ஒரு அதிர்வைக் காற்றில் உணர்ந்தார். மனிசக் காது பிடிக்கும் 20 ஹேர்ட்ஸ் எல்லைக்குக் கீழே யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்று பிறகு நிறுவினார். நாங்கள் போய்த் தங்குவது பேச்சும் கேள்வியுமாக இருக்கிற ஒரு ஊரில். விருந்தாளி அங்கே கடைசியாகச் செய்யவேண்டியது விடிய விடிய எஞ்சின் ஓட்டுவது.

எங்கள் தலைமுறைக்குச் சத்தமில்லாத இரவு தெரியும். 1990 களில் பொருளாதாரத் தடைக்குள் வன்னிக்கு மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. மண்ணெண்ணெய்க்குக் கூப்பனோடு வரிசை. பி.பி.சி. தமிழோசை கேட்க ரேடியோவுக்குப் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் கேட்டோம். ஒருவர் சுற்ற, முற்றம் நிறையச் சனம் மூச்சுக் காட்டாமல் இருக்கும். செய்தி முடிந்து சில்லு நின்ற பிறகு வரும் அமைதியில் காட்டின் அந்தத் தொங்கல்வரை கேட்கும். அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்போது பட்டது போதும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் மனிசர் சாகமாட்டார்கள் என்பதை அது எங்களுக்குக் காட்டியது.

மடுக் காட்டின் கதையும் சத்தமில்லாத இரவின் கதைதான். 1670 இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சுருவத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் போன குடும்பங்கள் ஒளிந்திருக்கப் போனவர்கள். சத்தம் காட்டாமல் இருந்ததுதான் அவர்களுக்குக் காவல். முந்நூறு வருசத்துக்குப் பிறகு, 1990 களில், அதே மரங்களின் கீழ் எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் அகதியாகத் தறப்பாள் கட்டி இருந்தது. ஆசைப்பட்டுக் காட்டுக்குப் போகும் தலைமுறை ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது. அதை நடத்துகிறவர்களில் நீரும் ஒருவர். அதனால்தான் உம்மோடு இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறேன்.

இனி மனம் நிறைந்து ஒன்று சொல்லவேண்டும். நாலாம் பக்கத்தில், 'பாலை பழுக்கும் காலத்தில் பாலைமரத்தின் கீழ் படுக்கவேண்டாம், கரடி பழத்துக்கு வரும்' என்று எழுதியிருக்கிறீரே, அந்த ஒரு வரிக்காகவே உம்மைத் தலையில் தூக்கிவைத்து ஆடலாம். அச்சில் நான் கண்ட முகாம் புத்தகம் ஒன்றிலும் அது இல்லை. வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவருக்கு அது வராது. மரத்தையும் மாதத்தையும் மிருகத்தையும் ஒரே வரியில் முடிந்துவிட்டீர். எங்கள் காட்டை இவ்வளவு அறிந்த கைதான் பதினோராம் பக்கத்தையும் எழுதியது என்பதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

மறுபதிப்பில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதும். என்ன எழுதலாம் என்று சொல்கிறேன். கூடாரம் அடிக்க முன்னர், வெளிச்சம் இருக்கும்போதே அக்கம்பக்கத்துக் கூடாரங்களுக்குப் போய் முகம் காட்டவேண்டும். ஜெனரேற்றர் இருக்கிறதென்றால் அப்போதே சொல்லி, எத்தனை மணிக்கு நிற்பாட்டுவது என்று அவர்களிடம் கேட்கவேண்டும். இருட்டின பிறகு போய்க் கதைத்தால் அது சண்டையாகத்தான் முடியும். அவர்கள் என்ன சொன்னாலும் எந்த முகாமிலும் இரவு எட்டு மணிக்கு மேல் எஞ்சின் ஓடக்கூடாது. மடுவில் செபமாலை தொடங்க முதலே நிற்கவேண்டும். போன்களை வரும் வழியில் வாகனத்திலேயே சார்ஜ் பண்ணிக்கொள்ளட்டும். 5 வற் எல்.ஈ.டி. விளக்கு ஆறை ஆறு மணித்தியாலம் எரிக்க 180 வற்-மணி போதும். 12 வோல்ற், 60 அம்பியர்-மணிக் கார் பற்றரி ஒன்றில் அதைப்போல நாலு மடங்கு இருக்கிறது. பகலில் ஒரு சூரியத் தகட்டை வெயிலில் விரித்தால் அந்தப் பற்றரியும் திரும்ப நிறையும். நோயாளிக்கு மூச்சுக்கருவி போன்ற தேவை இருந்தால் ஜெனரேற்றர் ஓடட்டும், ஒருவரும் குறைசொல்லமாட்டார்கள். ஆனால் முதலே சொல்லிவிட்டு ஓட்டவேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த முகாமில் உமது பிள்ளைகளை இரவு ஒன்பது மணிக்கு விளக்கெல்லாம் அணைத்து அரை மணித்தியாலம் இருத்தும். கேட்டது என்ன, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். பிழையை நீர் திருத்தும். அதை எப்படி நடத்துவது என்று ஒரு பக்கம் எழுதி, பழைய பதினோராம் பக்கத்தின் இடத்தில் போடும். அச்சுக்குக் கொடுக்க முன்னர் எனக்கு அனுப்பிவையும், பார்த்துத் தருகிறேன். மறுபதிப்பில் நூறு பிரதியை நானே காசு கொடுத்து வாங்கி, எங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்கும் சாரணப் பிள்ளைகளுக்கும் கொடுப்பேன்.

அன்புடன்,
முள்ளியவளையில் இருந்து,
உமது பெரியய்யா