நீர்க்கடுப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்



“டிரசரய்யா, கொஞ்சம் நீர்க்கடுப்பு, ஏதாவது மாத்திரை குடுங்க” என்று தோட்டத்து மருந்தகத்துக்கு வரும் பெண்களில் பலர், கடுப்பு தொடங்கி மூன்று நான்கு நாள் ஆன பிறகுதான் வருகிறார்கள். வெளியே சொல்லக் கூச்சம். ஒரு நாள் வேலை போனால் சம்பளம் போய்விடுமே என்ற கவலை. இதற்குள் அடிவயிற்றில் இருந்த நோய், முதுகுப் பக்கம் உள்ள சிறுநீரகம் வரை ஏறிவிடலாம். ஆரம்பத்திலேயே கவனித்தால் சில நாள் மருந்தோடு தீர்ந்துபோகிற காரியம் இது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நம் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்பை ஒட்டி, இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப உடம்புக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அந்த நீர் இரண்டு குழாய்கள் வழியே இறங்கி, அடிவயிற்றில் உள்ள பையில் தங்கி, பிறகு வெளியே வருகிறது.

பையிலிருந்து வெளியே வரும் பாதை ஆண்களுக்குச் சுமார் 20 செண்டிமீட்டர் நீளம்; பெண்களுக்கோ சுமார் 4 செண்டிமீட்டர்தான். மலவாசலும் பிறப்புறுப்பும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே குடலில் வாழும் கிருமி பெண்களுக்குச் சுலபமாக உள்ளே புகுந்துவிடுகிறது. அடிக்கடி நீர் போனால் கிருமி அடித்துக்கொண்டு வெளியேறும். நீரை அடக்கினால் அது பையிலேயே பெருகும்.

நம் வேலையையும் சேர்த்துப் பாருங்கள். விடியற்காலை பெரட்டுக்குப் போனால் மத்தியானம் வரை பால்மரக் காட்டிலோ செம்பனைக் காட்டிலோதான் இருக்கிறோம். பல இடங்களில் ஒதுங்க மறைவிடம் இல்லை. ஆகவே பெண்கள் தண்ணீரையே குடிப்பதில்லை. “குடிச்சா ஒண்ணுக்குப் போகணுமே” என்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் போய் தொழிற்சாலையிலும் கடையிலும் காவல் வேலையிலும் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

எப்படித் தெரிந்துகொள்வது?

நோய் பையோடு நின்றிருந்தால், நீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்ச்சி, போனால் சொட்டுச் சொட்டாக வருதல், அடிவயிற்று வலி, கலங்கல், நாற்றம் ஆகியவை இருக்கும்.

சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பக்கமாக வலி, வாந்தி வரும். இது மருந்தகத்து மாத்திரையோடு முடிகிற விஷயம் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது.

வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் முறை

1. முதலில் சிறுநீரைச் சோதிக்கக் கொடுங்கள். தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

2. மருந்தைக் கொடுத்த நாள் வரை முழுதும் சாப்பிடச் செய்யுங்கள். இரண்டாம் நாளே கடுப்பு நின்றுவிடும். அதற்காக மீதியை அலமாரியில் வைக்காதீர்கள். அரைகுறையாக விட்டால் கிருமி மறுபடி கிளம்பும். பக்கத்து வீட்டு அக்காவின் மிச்ச மாத்திரையும் வேண்டாம்.

3. கொதித்து ஆறிய தண்ணீரை அடிக்கடி கொடுங்கள். பார்லி தண்ணீரும் கொடுக்கலாம். ஆனால் இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவருக்கு டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் எந்த நீரும் கூடாது. பழுதான சிறுநீரகம் உள்ளவர் இளநீரைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் இருதயத்தைத் தாக்கும். பெலிம்பிங் பழம் அவருக்கு விஷமே ஆகும்.

4. காய்ச்சலுக்குச் சாதாரணத் தண்ணீரில் துணி நனைத்து உடம்பைத் துடையுங்கள், ஐஸ் வேண்டாம். எத்தனை முறை நீர் போனார், என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

5. கழுவும்போதும் துடைக்கும்போதும் முன்னிருந்து பின்னாகச் செய்ய வேண்டும். பெண்பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே இதைப் பழக்குங்கள். மருந்தடிக்கிற பெண்கள் ஒதுங்குவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

6. முதுகு வலிக்குக் கடையில் விற்கும் வலி மாத்திரைகளையும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணங்களையும் மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

பிள்ளை வளர வளரச் சிறுநீர்ப் பாதை அழுத்தப்படுகிறது. எரிச்சலே இல்லாமலும் கிருமி இருக்கலாம். அது சிறுநீரகத்தைத் தொட்டால் குறைமாதப் பிரசவம் ஆகலாம். அதனால்தான் தாய்சேய் நலக் கிளினிக்கில் சிறுநீர் கேட்கிறார்கள். “நல்லாத்தானே இருக்கேன்” என்று ஒரு தவணையும் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளைப்படுதல் வேறு, நீர்க்கடுப்பு வேறு. அரிப்போடு தயிர்போல் படுவது பெரும்பாலும் பூஞ்சை நோய். துர்நாற்றம், பச்சை நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் கருப்பை வரை நோய் பரவியிருக்கலாம். கவனிக்காவிட்டால் பிள்ளைப்பேறே தடைபடும். டெட்டால் போட்டு உள்ளே கழுவுவது நோயை அதிகப்படுத்தும். உறவினால் தொற்றிய நோய் என்று டாக்டர் சொன்னால் கணவரும் கூடவே மருந்து சாப்பிட வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

ஆண்களும் படிக்க வேண்டும்

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு நீர் தடைபட்டு வந்தால் சுரப்பி வீக்கமா என்று பார்க்க வேண்டும். வலியே இல்லாமல் இரத்தம் கலந்து போனாலும், ஆணோ பெண்ணோ, உடனே காட்ட வேண்டும். செம்பனைக் காட்டில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வருகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இவற்றோடு நீர் குறைந்தால் சிறுநீரகம் தாக்கப்பட்டிருக்கலாம். தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இது 2010 முதல் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். நம் நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவர்களே. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பது என்றால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே மாறிவிடும்.

உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நோயைத் தடுப்பது தண்ணீரும் கழிப்பறையும்தான். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் நலனுக்குப் போதுமான வசதிகளை முதலாளி செய்து தர வேண்டும் என்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். தோட்டக் கிளைத் தலைவர்களே, அந்தக் குழுவில் காட்டுக்குள் கழிப்பறை, குடிதண்ணீர் என்ற இரண்டையும் எழுதி வையுங்கள். பெண்களையும் குழுவில் உட்கார வையுங்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

சம்பளம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்கும் குறைவாக வேலை செய்தவருக்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு.

நாளைக் காலை பெரட்டுக்குப் போகும்போது, சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு போத்தல் தண்ணீரையும் எடுத்துச் செல்லுங்கள். எரிச்சல் தெரிந்த அன்றைக்கே மருந்தகத்துக்கு வாருங்கள்.