தவணைக்குப் போனவர்கள்: 'புயலிலே ஒரு தோணி'யை எப்படிப் படிப்பது?

இந்த நாவலை நான் மூணு தடவை ஆரம்பிச்சேன். முதல் ரெண்டு தடவையும் முப்பது பக்கம் தாண்டல. எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் என்பது வாரத்துக்கு சில பீரியட், பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட எனக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' முதல் பக்கத்திலேயே கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. மூணாவது தடவை ஒரு விஷயம் புரிந்தது. அதுக்கப்புறம் நாலே நாளில் முடிச்சுட்டேன். அந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம்மில் நிறைய பேருக்கு இன்னும் சில மாசத்தில் ஆஃபர் லெட்டர் வரும், பாஸ்போர்ட் வரும். அதுக்கு முன்னாடி ஒருமுறை படிச்சுட்டுப் போகலாம் என்று தோணுது.

எழுதியவர் யார்?

ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல், அதாவது நம்மை விட மூணு வயசு சின்னவராக இருந்தபோது, வேலைக்காகக் கப்பல் ஏறி இந்தோனேசியாவில் உள்ள மெடானுக்குப் போனார். அப்போது அது டச்சுக்காரர்கள் ஆண்ட சுமத்ரா தீவின் பெரிய வியாபார நகரம். இரண்டாம் உலகப்போர் நடந்த வருஷங்களில் அந்தப் பக்கம்தான் இருந்தார். அங்கேயே கல்யாணம் ஆகி, பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் இழந்தார். 1946இல் ஊர் திரும்பினார். பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை, கடைசி வரை தனிவாழ்க்கை. 1997இல் இறந்தார்.

மொத்தம் எழுதியது ரெண்டே நாவல். முதலாவது 'கடலுக்கு அப்பால்', 1959இல் வந்தது; கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு வாங்கியது. ரெண்டாவதுதான் 'புயலிலே ஒரு தோணி'. 1962 வாக்கில் எழுதி முடித்தது, அச்சில் வந்தது 1972இல். பத்து வருஷம் காத்திருப்பு. வந்த பிறகும் பெரிய சத்தம் இல்ல. ரொம்ப காலம் கழித்துத்தான் தமிழின் முக்கியமான நவீன நாவல்களில் ஒன்று என்று எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள்.

கதை சுருக்கமாக

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அடுத்த மாசம் ஜப்பான் படை மெடானுக்குள் வந்தது. நாவல் அங்கேதான் தொடங்குது. இடம் கெர்க் ஸ்ட்ராட். டச்சு மொழியில் கெர்க் என்றால் தேவாலயம், ஸ்ட்ராட் என்றால் தெரு. நம்ம ஊர் சர்ச் ரோடு மாதிரிதான். கொள்ளையடித்தவர்களின் தலையை வெட்டி எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கிறார்கள். இதையெல்லாம் ஓர் இளைஞன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் பெயர் பாண்டியன்.

பிறகு அவன் தொங்கான் ஏறுகிறான். தொங்கான் என்றால் சரக்கு ஏற்றும் பெரிய மரக்கலம். மலாக்கா நீரிணையைத் தாண்டிப் பினாங்கு போகும் வழியில் புயல். தலைப்பில் வர்ற தோணி அதுதான். பினாங்கில் நண்பர்கள், குடி, விடிய விடியப் பேச்சு. அதன் பிறகு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். போர் முடிந்ததும் பாண்டியன் மறுபடி சுமத்ரா போகிறான், டச்சுக்காரர்களை எதிர்க்கும் இந்தோனேசிய விடுதலைப் படையில் சேர்கிறான். ஊர் திரும்பாமலே அந்த மண்ணிலேயே சாகிறான். முடிவைச் சொல்லிட்டேனே என்று கோபப்படாதீங்க. முடிவு தெரிந்து படித்தாலும் இந்த நாவல் குறையாது.

மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்

இந்த உலகத்துக்குள் நுழைய சில சொற்கள் தெரியணும். அந்தக் காலத்தில் பர்மா, மலேயா, சுமத்ரா எல்லா இடத்திலும் செட்டிநாட்டுக்காரர்களும் அந்தச் சுற்று வட்டாரத்துக்காரர்களும் வட்டிக்கடை நடத்தினார்கள். கடை இருந்த கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரே கூரையின் கீழே பல கடைகள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடம், ஒரு சாய்வுப் பெட்டி, ஓர் அலமாரி. பகலில் உட்கார்ந்து கணக்கு எழுதும் அதே தரையில்தான் ராத்திரி பாயை விரித்துப் படுப்பார்கள். ஆபீசும் ஹாஸ்டலும் ஒண்ணு.

கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லாருக்கும் கீழே, பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலையோடு தொழிலையும் கற்றுக்கொள்கிறவன் பெட்டியடிப் பையன். நம்ம பாஷையில் சொன்னால் மேனேஜர், சீனியர், டிரெய்னி.

இதெல்லாத்தையும் விட முக்கியமான சொல் தவணை. ஒரு தவணை என்பது பொதுவாக மூணு வருஷம். மூணு வருஷம் அங்கே வேலை, பிறகு சில மாசம் ஊர், மறுபடி அடுத்த தவணை. பெரும்பாலும் குடும்பம் ஊரில் இருக்கும், ஆள் மட்டும் போவான். கடனுக்கும் தவணை என்கிறோம், வாழ்க்கைக்கும் தவணை என்று சொல்லியிருக்கிறார்கள். இதை விடச் சரியான சொல் கிடைக்குமா என்று தெரியல.

கதை ஏன் இப்படித் தாவுது?

இப்போ நான் சொல்ல வந்த அந்த ஒரு விஷயம்.

முதல் ரெண்டு தடவை நான் ஏன் மாட்டிக்கிட்டேன் என்றால், நாவல் ஒரே இடத்தில் நிற்காது. மெடான் தெருவில் பாண்டியன் நடந்துகொண்டு இருப்பான். சொல்லாமல் கொள்ளாமல் மதுரை வீதி வந்துடும். அங்கே இருந்த ஒரு கடை, ஒரு முகம், சின்ன வயசில் ஊர்ச்சந்தையில் பார்த்த ஏதோ ஒன்று. அரைப் பக்கமோ ரெண்டு பக்கமோ அப்படிப் போகும். பிறகு திடீர் என்று மறுபடி மெடான், அதே தெரு, அதே ஜப்பான் சிப்பாய். இதை நனவோடை உத்தி என்று சொல்வார்கள். மனசில் எண்ணம் எந்த வரிசையில் வருதோ அந்த வரிசையிலேயே எழுதுவது.

மைக்ரோபிராசஸர் வகுப்பில் இன்டரப்ட் படிச்சிருப்போம். புரோகிராம் ஒழுங்காக ஓடிக்கிட்டு இருக்கும். வெளியே இருந்து ஒரு சிக்னல். உடனே இருந்த இடத்தைக் குறித்து வைத்துவிட்டு வேறொரு இடத்துக்குக் குதிக்கும், அந்த வேலையை முடித்துவிட்டுப் பழைய வரிக்கே திரும்பும். பாண்டியன் மனசு அப்படித்தான் ஓடுது. மெடான் என்பது மெயின் புரோகிராம். மதுரை என்பது இன்டரப்ட். சிக்னல் எப்போ வரும் என்று அவனுக்கே தெரியாது.

இது புரிந்த பிறகு யோசித்தேன். ஏன் இப்படி எழுதணும்? வெளிநாட்டு நாவல்களைப் பார்த்து ஆசைப்பட்டதாலா? சிங்காரம் ஹெமிங்வேயை விரும்பிப் படித்தவர்தான். ஆனா இந்தத் தாவல் அவருக்கு வெளியே இருந்து வந்த ஸ்டைல் என்று எனக்குத் தோணல. தவணைக்குப் போனவன் மண்டைக்குள் எப்போதும் ரெண்டு ஊர் ஓடிக்கிட்டு இருக்கும். அவனை ஒரே ஊரில் நிற்க வைத்து, வரிசையாகக் கதை சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆகவே நாவலின் வடிவமே அந்த வாழ்க்கையில் இருந்து பிறந்தது. இதுதான் என் கருத்து. இதை வைத்துப் படித்தால் கஷ்டமாக இருந்த பக்கங்கள் எல்லாம் இயல்பாகிடுது.

மொழியும் அப்படித்தான். மலாய், டச்சு, சீனம், ஜப்பானியச் சொற்கள் நடுநடுவே வரும். அடுத்த வரியில் சங்கத் தமிழ் வாசனை அடிக்கும். புயல் வரும் இடத்தில் வாக்கியமே உடையும். காற்றும் அலையும் அடிக்கிற வேகத்தில் சொற்கள் துண்டு துண்டாக விழும். அந்தப் பகுதியை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. மனசுக்குள் படிச்சபோது பிடிபடாதது, சத்தமாகப் படிச்சதும் எனக்குப் பிடிபட்டது.

இன்னொன்று, அந்த நண்பர்களின் பேச்சு. முக்கியமாக மாணிக்கம். தமிழர் பழம்பெருமை, மூவேந்தர் வீரம், இலக்கியம் எல்லாத்தையும் கிண்டல் செய்து தள்ளுவான். ஆனா அதைக் கிண்டல் செய்யவே அவன் அத்தனையையும் கரைச்சுக் குடிச்சிருக்கணும். ஊரை விட்டு இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து இதையே பேசிக்கிட்டு இருக்கிறார்களே, இது வெறுப்பா பாசமா என்று பிரிக்க முடியல.

இன்னொரு தீவு, இன்னொரு கூட்டம்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம். லாரன்ஸ் டரல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912இல் நம்ம நாட்டில் ஜலந்தரில் பிறந்தவர். 1935இல் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்குக் குடிபோனார். 1937இல் 'பேனிக் ஸ்பிரிங்' என்று ஒரு நாவல் போட்டார். முதல் நாவல் விற்காததால், இதற்குச் சார்லஸ் நார்டன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கிரேக்கத் தீவு ஒன்றில் சில வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். தீவு ஒரு பணக்கார வியாபாரிக்குச் சொந்தம். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய கதை. அதிலேயும் கடந்த காலம் நடுவே நடுவே வரும், அதிலேயும் பேச்சு நிறைய.

கிட்டத்தட்ட ஒரே தலைமுறை, ரெண்டு பேருமே தீவு, ரெண்டு பேருமே ஊர் விட்டு வந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். வித்தியாசம் எங்கே? டரலின் ஆட்கள் தங்கள் ஊரில் இருந்து தப்பி வந்தவர்கள். தீவு அவர்களுக்கு ஓய்வு. சிங்காரத்தின் ஆட்கள் ஊரைக் காப்பாற்ற வந்தவர்கள். அடமானத்தில் இருக்கும் நிலம், தங்கை கல்யாணம், வீட்டுக் கடன். தீவு அவர்களுக்குப் பேரேடு. தமிழில் தீவைப் பற்றி எழுதினால் வெயிலும் கடற்கரையும் வருவதற்கு முன்னாடி வட்டிக்கணக்கு வருது. அதான் நம்ம கதை.

குறைகள் இல்லையா?

இருக்கு. பெண்கள் அனேகமாக ஓரமாக வந்து போகிறவர்கள்தான். ஊரில் காத்திருந்த பெண்கள் மூணு வருஷம் என்ன நினைத்தார்கள் என்பது நாவலில் இல்ல. பாண்டியன் சில இடங்களில் சினிமா ஹீரோ மாதிரி எல்லாத்தையும் சாதிக்கிறான். துப்பாக்கியும் ரகசிய வேலையும் வரும் பகுதிகளில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை குறைந்தது. ஆனா அவன் தனியாக நடக்க ஆரம்பித்ததும் மறுபடி நாவல் நிமிர்ந்துடும்.

சேத்தியாத்தோப்பில் இருந்து

எங்க வீடு சேத்தியாத்தோப்பு. பள்ளிக்கூடம் நெய்வேலி டவுன்ஷிப்பில். தினமும் வடலூர் வழியாக பஸ். டவுன்ஷிப்பில் என் வகுப்பில் தெலுங்கு பேசுறவன், மலையாளம் பேசுறவள், இந்தி பேசுறவன் எல்லாரும் உண்டு. "உன் நேட்டிவ் எது?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவோம். பிறந்து வளர்ந்தது எல்லாம் ஏதோ ஒரு வட்டத்தில், ஆனா நேட்டிவ் என்று வேறு ஊர் பெயரைச் சொல்வார்கள். அப்போ அது சாதாரணமாகத் தெரிந்தது.

எங்க அப்பா வளைகுடாவில் வேலை செய்கிறார். எனக்கு நாலு வயசில் போனவர். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. போன தடவை வந்தபோது குறுக்கு ரோட்டில் இறங்கிட்டு போன் பண்ணினார். "நம்ம டீக்கடைக்குப் பக்கத்துல நிக்கிறேன், வண்டி எடுத்துட்டு வா" என்றார். அந்த டீக்கடை ரோடு அகலப்படுத்தினபோதே போயிடுச்சு. அப்பா நின்ன இடத்தில் கடை இல்ல, அவர் மனசில் மட்டும் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சூட்கேஸை வைத்துக்கொண்டு சும்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.

இந்த நாவலில் பாண்டியன் மதுரைக் கடைகளை ஒவ்வொன்றாக நினைக்கும் இடத்தைப் படிச்சப்போ சிரிப்பு வரல. புத்தகத்தை மூடி வச்சுட்டு அப்பாவுக்கு போன் போட்டேன். "என்னடா, பணம் வேணுமா?" என்று கேட்டார். "இல்லப்பா, அந்த டீக்கடையில என்ன நல்லா இருக்கும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் இருபது நிமிஷம் நிறுத்தாமல் பேசினார். பதினேழு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கும் சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா பையன் வேலை பார்த்து வச்சிருக்கான். போவேனா மாட்டேனா என்று இன்னும் முடிவாகல. போக வேண்டாம் என்று இந்த நாவல் சொல்லல. போகிறவன் முழுசாகப் போக மாட்டான், திரும்புகிறவன் முழுசாகத் திரும்ப மாட்டான், அதைத் தெரிந்துகொண்டு போ என்றுதான் சொல்லுது.

படிக்கப் போறவங்களுக்கு நாலு டிப்ஸ்

1. முதலில் 'கடலுக்கு அப்பால்' படிங்க. சின்ன நாவல், நேரான கதை. பினாங்கும் வட்டிக்கடையும் பழகிடும்.

2. பக்கத்தில் ஒரு மேப் வச்சுக்கோங்க. மெடான், பினாங்கு, சிங்கப்பூர் மூணையும் குறித்துக்கொண்டால் பாதி குழப்பம் போயிடும்.

3. தெரியாத மலாய், டச்சுச் சொல் வந்தால் நிறுத்தாதீங்க. ஊருக்குப் புதுசாக வந்த பெட்டியடிப் பையனுக்கும் புரிந்திருக்காது. கூடவே நடங்க, ரெண்டு பக்கத்தில் புரியும்.

4. வீட்டில் வெளிநாடு போய் வந்தவர் யாராவது இருந்தால், படித்த பிறகு அவரிடம் ஊரைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி கேளுங்க. வேலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ வேண்டாம். ஒரு கடை, ஒரு தெரு, ஒரு மரம் போதும்.