தாத்தாவின் குறிப்பேடு

எங்கள் தாத்தா திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். நடுவண் அரசுப் பணி கிடைத்ததும் தில்லிக்கு வந்து, சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் குடும்பத்துடன் வாழ்ந்தார். அவருடைய குரல் கேட்டாலே குழந்தைகள் அடங்கிவிடுவோம். சிரித்துப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடுக்களை அவருடைய ஆட்சிக்கு வந்துவிடும்.

அன்று அவர் பெரும்பாலும் சொதி வைப்பார். நெல்லைப் பகுதியில் திருமணத்திற்கு மறுநாள் விருந்தில் பரிமாறப்படும் குழம்பு அது. தேங்காயைத் துருவி மூன்று முறை பால் பிழிவார். நீர்த்த பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு முதலியவற்றை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பையும் இஞ்சி, பச்சைமிளகாய் விழுதையும் சேர்ப்பார். கெட்டியான முதற்பாலை இறுதியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிடுவார். “கொதித்தால் பால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றையும் இறக்கிய பிறகே விட வேண்டும். அவசரக்காரனுக்குச் சொதி வராது!” என்று அதட்டுவார்.

ஊரிலிருந்து வேலை தேடி வரும் இளைஞர்கள், கையில் முகவரிச் சீட்டுடன் எங்கள் வாயிலில் தயங்கி நிற்பார்கள். “ஏலே, வாசலில் நின்றால் பசி போகுமா? உள்ளே வா!” என்பார் தாத்தா. உண்டபின் பணம் கொடுக்க முயன்ற ஒருவரிடம், “இது என்ன சாப்பாட்டுக் கடையா?” என்று சீறினார். தாத்தா மறைந்தபோது அந்த மனிதர் நரைத்த தலையுடன் வந்தார். முதற்சம்பளம் கைக்கு வரும்வரை மூன்று மாதங்கள் எங்கள் வீட்டில்தான் உண்டதாகக் கூறி அழுதார்.

தாத்தாவின் பெட்டியில் நீல அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று இருந்தது. அது முழுவதும் தமிழில் எழுதப்பட்டிருந்தது. பாட்டிக்குப் பார்வை மங்கியிருந்தது. எனக்கோ தமிழ் பேச மட்டுமே தெரியும். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாட்டி கேட்டுத் திருத்தினார்.

சமையல் அளவுகளின் அருகே சிறு குறிப்புகள் இருந்தன. ‘மதுரைப் பையனுக்குக் காரம் ஆகாது.’ ‘மாடிவீட்டு அம்மாவுக்குப் பூண்டு கூடாது.’ ‘பேத்திக்கு முருங்கைக்காயை வழித்து வைக்க வேண்டும்.’ கடைசி வரியைப் படித்ததும் பாட்டி நெடுநேரம் பேசவில்லை.

குறிப்பேட்டில் இன்னும் பன்னிரண்டு பக்கங்கள் உள்ளன. வாரம் ஒரு பக்கம் படித்து வருகிறேன்.

சொற்பொருள் அறிவோம்

அடுக்களை – சமையலறை
நீர்த்த – கெட்டித்தன்மை குறைந்த
திரிதல் – பால் கெட்டு வேறுபடுதல்
சீறினார் – சினந்து பேசினார்
ஏலே – நெல்லைப் பகுதியில் உரிமையுடன் அழைக்கும் சொல்

பயிற்சி

1. சொதியில் முதற்பாலை இறுதியில் சேர்ப்பது ஏன்?
2. தாத்தாவின் கடுமைக்கும் அன்புக்கும் பாடத்திலிருந்து ஒவ்வொரு சான்று தருக.
3. கடைசி வரியைக் கேட்டதும் பாட்டி ஏன் பேசவில்லை? உம் கருத்தை எழுதுக.
4. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஓர் உணவின் செய்முறையைக் கேட்டு, அவர் கூறும் சொற்களிலேயே தமிழில் எழுதுக.