சத்தத்தைக் கேட்டுக் கேம் சொல்லலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரை கடலோரமாகப் போகும் ஏ4 வீதியில், பழைய கொரொல்லா ஒன்று ஐட்லிங்கில் நின்று குலுங்கினால் போதும். “கேம் மாத்தின எஞ்சின் மச்சான்” என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். விற்பவருக்கும் அது வசதி. அந்த ஒரு வார்த்தையில் விலை ஏறும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில் எஞ்சின் போன காருக்கெல்லாம் இன்னொரு பழைய எஞ்சின் ஏறியது. அவற்றுக்குள் எந்தக் கேம் கிடக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, பல இடங்களில் விற்றவருக்கும் தெரியாது.

குலுக்கலுக்கு, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் காரணமாகலாம், உண்மைதான். உள்ளிழுக்கும் வால்வும் புகை வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஓவர்லாப் கூடினால், குறைந்த வேகத்தில் எரிந்த புகை உள்ளே கலந்து எஞ்சின் தடுமாறும். ஆனால் இன்டேக் கேஸ்கட்டில் காற்று ஒழுகினாலும், ஐட்லிங் வால்வில் கரி பிடித்தாலும், ஒரு பிளக் சரியாக அடிக்காவிட்டாலும் குலுக்கல் வரும். டைமிங் பெல்ட் ஒரு பல் தவறினால் அதைவிட மோசம். கிராங்க் கணக்கில் பத்து டிகிரிக்கு மேல் பிசகிவிடும். எனவே கேமைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பெல்ட் குறிகளைப் பாருங்கள். கேம் மாற்றிய எஞ்சின் என்று புகழப்படுவது, பெல்ட் பிழையாகப் போட்ட எஞ்சினாகவும் இருக்கலாம்.

அடுத்த நம்பிக்கை, “ஜப்பானில இருந்து நேரே வந்தது, கை படாதது” என்பது. குறிப்பிட்ட கிலோமீற்றர் ஓடினால் எஞ்சினைக் கழற்றி எறிய வேண்டும் என்று ஜப்பானில் சட்டம் இருப்பதாக ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அப்படியொரு சட்டம் இல்லை. இருப்பது ஷாகென் என்ற பரிசோதனை: புதுக் காருக்கு மூன்று வருடத்தில் முதலாவது, பிறகு இரண்டு வருடத்துக்கொன்று. அதன் செலவுக்குப் பயந்து பலர் காரையே விற்றுவிடுவார்கள், உதிரிகள் நம் பக்கம் வரும். அந்தக் காரை ஓட்டியவர் ஓர் இளைஞர் என்றால், எச்.கே.எஸ்., டோடா போன்ற கம்பனிகளின் கேம் உள்ளே இருப்பதில் ஆச்சரியமில்லை. கேம் மாறினாலும் எஞ்சின் இலக்கம் மாறாது. பதிவுப் புத்தகத்தை எவ்வளவு புரட்டினாலும் இதற்கு விடை வராது.

சரி, கேமிலேயே இலக்கம் இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் எந்த இலக்கம் என்று பார்க்க வேண்டும். தண்டின் நடுவில் மேடாகத் தெரிவது வார்ப்பு இலக்கம். ஒரே வார்ப்பிலிருந்து பல வடிவங்களைத் தீட்டலாம். பழைய கேமை மறுபடி தீட்டினாலும் அந்த இலக்கம் அப்படியே கிடக்கும். தண்டின் நுனியில் குத்தியோ செதுக்கியோ இருக்கும் 264, 272 போன்ற எண்களுக்குத்தான் மதிப்பு. அவற்றையும் முழுதாக நம்பிவிட முடியாது. வால்வு சற்றே அசைந்த இடத்திலிருந்து டிகிரி எண்ணுகிறவர்களும் உண்டு, 1 மில்லிமீற்றர் எழும்பிய பிறகு எண்ணுகிறவர்களும் உண்டு. ஒருவரின் 272 இன்னொருவரின் 272 அல்ல.

ஹொண்டாவில் ஒரு சிலிண்டருக்கு மூன்று இன்டேக் லோப் (வால்வைத் தள்ளும் மேடு) தெரிந்ததும் ரேஸ் கேம் என்று துள்ள வேண்டாம். அது விடெக், 1989-இல் வந்த பி16ஏ-யிலேயே கம்பனி வைத்தது.

எஞ்சியிருப்பது அளவெடுப்பதுதான். முதலில் வால்வு கவரைக் கழற்றி, லோபின் மூக்கிலிருந்து அடி வரையான உயரத்தை வேர்னியரால் எடுங்கள். பிறகு அதற்குக் குறுக்கே அகலம். உயரம் 41.0, அகலம் 33.5 மில்லிமீற்றர் என்றால் லோபின் எழுச்சி 7.5. டொயோட்டா 4ஏ-ஜிஇ போலக் கேம் நேரே பக்கெட்டை அழுத்தும் எஞ்சினில், டெப்பட் இடைவெளியைக் கழித்தால் அதுவே வால்வின் எழுச்சி. ரொக்கர் ஆர்ம் உள்ள எஞ்சினுக்கு ரொக்கர் விகிதத்தால் பெருக்க வேண்டும். எல்லா லோபையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அது தேய்ந்த லோப். கம்பனிக் கேமைவிட அகலம் குறைந்து எழுச்சி கூடினால் மறுபடி தீட்டியது என்று சந்தேகிக்கலாம். அப்போது டெப்பட் சிம்களும் வழமையைவிடத் தடிப்பாக இருக்கும்.

வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை வேர்னியர் சொல்லாது. அதற்கு டயல் கேஜும் கிராங்கில் மாட்டும் டிகிரி வட்டும் வேண்டும். கிராங்க் புல்லியில் உள்ள குறியை நம்பாதீர்கள். இரப்பர் வழுக்கியிருந்தால் குறி பொய். பிளக் ஓட்டைக்குள் பிஸ்டனைத் தடுக்கும் தடுப்பு ஒன்றைப் பூட்டி, இரு பக்கமும் கையால் மெல்லச் சுற்றி, நடுவை எடுத்தால் அதுதான் உண்மையான மேல் மையம். தடுப்பைக் கழற்றிய பின் எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். இன்டேக் வால்வு 1 மில்லிமீற்றர் எழும்புவது மேல் மையத்துக்கு 2 டிகிரி முன்னால், இறங்கி அதே அளவுக்கு வருவது கீழ் மையத்துக்கு 36 டிகிரி பின்னால் என்று வைப்போம். 2, 180, 36 கூட்டினால் 218. அதில் பாதி 109, இரண்டைக் கழித்தால் 107. அதுதான் லோபின் மையம். எழுச்சியும் இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் கம்பனிப் பட்டியலோடு ஒப்பிடலாம். நல்ல லேத் கடையில் டயல் கேஜ் இருக்கும். டிகிரி வட்டைக் கடதாசியில் வரைந்து தகட்டில் ஒட்டினாலும் வேலை நடக்கும்.

“கொம்பிரஷன் குறைவு, ரிங் போச்சு” என்று எஞ்சினை இறக்கச் சொல்லும் பாஸ்மாருக்கும் ஒள்ளுப்பம் பொறுமை வேண்டும். நீண்ட நேரம் திறந்திருக்கும் கேமில் இன்டேக் வால்வு பிந்தி மூடுவதால், ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் இழுத்த காற்றில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். நல்ல ரிங்கோடும் கேஜ் குறைத்தே காட்டும். நான்கு சிலிண்டரும் ஒரேயளவாகக் குறைந்து, ஒரு கரண்டி ஒயில் விட்டும் பெரிதாக ஏறாவிட்டால் ரிங்கை விட்டுவிட்டுக் கேமையும் பெல்ட்டையும் பாருங்கள்.

பெரிய கேம் என்றால் பெரிய பவர் என்று நம்புகிற தம்பிமாருக்கு: அந்தப் பவர் மேல் ஆர்பிஎம்மில்தான் வரும். டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ-யே 160 குதிரைவலுவைத் தொட 7,400 வரை சுற்ற வேண்டும். அதற்கும் மேலான கேம் போட்டால் கீழ் வேகத்தின் இழுவை போய்விடும். அஸருக்குப் பிறகு சாய்ந்தமருதுச் சந்தியில் இரண்டாம் கியரில் ஊரும் காருக்கு அது எதற்கு? இன்டேக் வெற்றிடம் குறைந்து ஐட்லிங்கில் பிரேக் பெடல் கட்டையாகிப் போவதும் உண்டு. அளந்து பார்த்து அப்படியொரு கேம் என்று தெரிந்தால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி போதுமா என்று களிமண் வைத்துப் பாருங்கள். கம்பனி ஈசியு அதற்குப் பெற்றோல் கணக்குச் சரியாகக் கொடுக்கிறதா என்பது அடுத்த வேலை.